மக்கான் லா, அண்ணே

தொட்ட சிப்பாய் ஈரமாக இருந்தது.

செஸ் பலகையில் ராணிக்கு முன்னால் நின்ற வெள்ளைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு, ஸ்ரீகரன் மேசைக்கடியில் விரலைக் காற்சட்டையில் துடைத்தான். போகவில்லை. எச்சில் வழவழப்பு, கழுவாத டம்ளரில் நாள்கணக்கில் ஊறிய பொய்ப்பல் வாடை. பினாங்கு சூலியா தெருவில் பணம் மாற்றும் கடைக்கு மேலே அந்த அறை. மாலை மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. கீழே நாசி கண்டார் சோற்றுக் கடையிலிருந்து ஏறிவந்த மீன்குழம்பு மணம் இந்த நாற்றத்தோடு கலந்ததும் அவனுக்குக் குமட்டியது.

எதிரே கார்த்திகேசு. செஸ் கிளப்பில் ஒரு மாதப் பழக்கம். வீட்டுக்குக் கூப்பிட்டது இன்றுதான். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது, பேச்சு கொழகொழவென்று வரும். ஸ்ரீகரன் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன். நாக்குதான் அவனுக்குச் சோறு போடுகிறது. அவன் பேசும்போதெல்லாம் இந்த மனிதர் அவன் வாயையே பார்ப்பார். அருவருப்பாக இருக்கும். ஆனாலும் பெரியவர் கூப்பிட்டு மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வராது.

கார்த்திகேசும் தன் ராணிச் சிப்பாயை நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்ரீகரன் பக்கத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, வேண்டுமென்றே பலிக்கு வைத்தான். பினாங்கில் யாரும் காயை வெட்டுவதில்லை, 'மக்கான்' செய்வார்கள், சாப்பிடுவார்கள்.

"மக்கான் லா, அண்ணே. ஃப்ரீதான்."

அவர் தன் கறுப்புச் சிப்பாயை அந்தக் கட்டத்தில் வைத்தார். வெள்ளைச் சிப்பாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஈறாலேயே மென்றார். கறக். எச்சில் தாடையில் வழிந்தது.

கிழவருக்கு விளையாட்டு என்று ஸ்ரீகரன் சிரிக்கப் பார்த்தான். அவன் நாக்கு ஒரு குழியில் விழுந்தது. கடைவாய்ப் பல் இல்லை. வலி இல்லை. ரத்தம் இல்லை.

கார்த்திகேசு இளித்தார். வெற்று ஈறில் இப்போது ஒரே ஒரு பல். அதில், போன வருஷம் கெலுகோர் பல் டாக்டரிடம் ஸ்ரீகரன் அடைத்துக்கொண்ட அதே சாம்பல் நிற அடைப்பு.

அவன் பலகையைப் பார்த்தான். அவனுடைய வெள்ளை ராணி வெள்ளையாக இல்லை. சிவப்பாக இருந்தது. ஈரமாக. அது என்னவென்று புரிந்ததும் அவன் தன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு வாயை மூடினான். பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம். எடுத்தான். சூடு. கைக்குள் நெளிந்தது. நழுவியது.

விழுந்தது, கறுப்புச் சிப்பாய் சாப்பிடக்கூடிய குறுக்குக் கட்டத்தில்.

"தொத்தாச்சு, தம்பி," என்றார் கார்த்திகேசு. கொழகொழத்த அந்த வாயில் 'தொட்டாச்சு' அப்படித்தான் வந்தது. "தொத்தா நகத்தணும். வச்சாச்சு."

"வேணாண்ணே, அத மட்டும்..."

விரல்கள் வந்தன. எடுத்தன. இதை அவர் மெல்லவில்லை. சப்பினார்.

ஸ்ரீகரன் கத்தினான். காற்றுதான் வந்தது.

கார்த்திகேசின் உதடுகளுக்கு நடுவே சிவப்பாய் ஒரு நுனி எட்டிப் பார்த்தது. ஒற்றைப் பல்லைத் தடவிக்கொண்டது. பிறகு, நீதிமன்றமே மெச்சும் அந்தத் தெளிவான குரலில், ஸ்ரீகரனின் குரலில், சொன்னது:

"மக்கான் லா, அண்ணே. ஃப்ரீதான்."