பாத்திரத்தில் காலியான இடம்

உலக மக்கள் அனைவருக்கும் ஓர் அறிவிப்பு: இந்த ஒரே மாதத்தில் நமது புகைப்படக்காரர் முந்நூற்றுப் பன்னிரண்டு எவர்சில்வர் பாத்திரங்களைப் படமெடுத்து, மனித நாகரிகத்தை ஒரு படி உயர்த்தவிருந்தார். விற்பனைப் புத்தகத்துக்காகத்தான். ஆனால் அப்படிச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கலை என்று சொல்ல வேண்டும்.

பாத்திர நிறுவனம் அவருக்காக ஊர் ஓரத்தில் ஒரு பழைய வீட்டைப் பிடித்துக் கொடுத்திருந்தது. உயரமான ஜன்னல்கள், தாராளமான வெளிச்சம். எங்கிருந்தோ ஈரத் தலைமுடியின் வாடை. தன்னந்தனியாக வேலை செய்தார்.

எவர்சில்வர், படமெடுப்பவனையே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தலைமுதல் கால்வரை கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, லென்ஸை மட்டும் ஓட்டை வழியே நீட்டுவார். அப்படியும் பாத்திரத்தில் விழும் கறுப்பு உருவத்தைக் கணினியில் அழித்தாக வேண்டும். வேலை கழுத்தை நெரித்ததால் அதை வீட்டில் மைத்துனியிடம் தள்ளிவிட்டிருந்தார்.

மூன்றாவது வாரம் ஊரே அவரை அவமதிக்கத் தொடங்கியது. வீட்டுக் காவலாளி சலாம் வைக்கவில்லை. டீக்கடைக்காரர் மூன்று முறை கேட்டும் திரும்பவில்லை. பல்பொருள் அங்காடியின் தானியங்கிக் கதவு திறக்காமல் நெற்றியில் இடித்தது. கலைஞனை மதிக்கத் தெரியாத ஜனங்கள் என்று முடிவுகட்டினார்.

கடைசி நாள் மதியம் அவர் துணிக்குள் இருந்தபோது மைத்துனி போன் செய்தாள்.

"மாமா, கடைசியா அனுப்பின படம் வரைக்கும் கறுப்பை அழிச்சுட்டேன். அந்தம்மாவை என்ன பண்ணட்டும்?"

"எந்தம்மா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. நீலக் கோட்டு போட்டவங்க. கறுப்பை மட்டும் அழின்னீங்க, விட்டுட்டேன். அக்காகிட்ட சொல்லலை, பயப்படாதீங்க."

"விளையாடாத. இங்க நான் ஒருத்தன்தான்."

 அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது.

"முதல் டம்ளர்ல வாசல்ல நின்னாங்க, மாமா. வாளியில மேசைகிட்ட. நேத்து பானையில..."

"பானையில?"

"உங்க தோள்ல கை வெச்சிருந்தாங்க. உங்களை அழிச்சேன். இப்ப அந்தக் கை சும்மா காத்துல நிக்குது."

எத்தனையோ வேலைகளில் அவர் இப்படி அழிக்கப்பட்டிருக்கிறார். ஒன்றும் ஆனதில்லை. அப்போதெல்லாம் காலியாகும் இடத்துக்கு யாரும் காத்திருக்கவில்லை.

காவலாளி அவமதிக்கவில்லை. காவலாளிக்கு அவர் தெரியவே இல்லை.

துணிக்குள் ஈர முடியின் வாடை அடித்தது.

வெகு அருகில்.

துணியை உதறி எறிந்தார். எதிரே மேசையில் கெட்டில். அதன் வயிற்றில் ஜன்னல் தெரிந்தது. விளக்கு தெரிந்தது. கேமரா தெரிந்தது.

நீலக் கோட்டு தெரிந்தது.

அவர் இல்லை.

"என்னைத் திருப்பிப் போடு! அழிச்சதை எல்லாம் திருப்பிப் போடு!"

"மாமா? லைன்ல இருக்கீங்களா? ஒண்ணுமே கேக்கலை."

தொண்டை கிழியக் கத்தினார்.

"ஹலோ? யாரு... ஆங், சொல்லுங்கம்மா."

கெட்டிலில் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

மறுநாள் நிறுவனத்திலிருந்து மைத்துனிக்குக் கடிதம் வந்தது: படங்கள் அருமை, அடுத்த மாதமும் படமெடுக்க அந்த மேடத்தையே அனுப்பவும்.