சின்சினாட்டிக் கதிரை

அந்தக் கதிரையை ஆனந்தராசாவின் சலூனுக்குள் எட்டுப் பேர் தூக்கி வைத்தோம். சரி, நாலு பேர். ஆனால் பாரம் எட்டுப் பேருக்கானது. ஜேர்மனியில், ஹம் நகர ரயில் நிலையத்துப் பின்தெருவில் அவன் கடை திறந்த வருடம் அது, இரண்டாயிரத்து நாலு. ஓய்வூதியக்காரனான எனக்குப் பகல் முழுக்க அங்கேதான் கழியும்.

தந்தவர் ஹெர் புறொக்மான் என்ற ஜேர்மன் கிழவர். வீட்டை விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய பூட்டன் அமெரிக்காவில், சின்சினாட்டி நகரில் சலூன் வைத்திருந்து, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் கப்பலில் கொண்டுவந்த கதிரையாம். காசு வேண்டாம், ஒருநாள் வந்து சவரம் செய்துகொள்கிறேன் என்றார்.

கறுத்த மரம், தேய்ந்த தோல், பிடரியைத் தாங்க ஒரு கட்டை. கண்ணாடிக்கு முன்னால் வைத்தோம்.

ஆனந்தராசாவின் மனைவி யோகம் தேத்தண்ணியோடு வந்து பார்த்தாள். "செத்தவங்கட சாமானை ஏன் இஞ்ச கொண்டந்தனீங்கள்? அண்ணை, நீங்களாவது இவருக்குச் சொல்லக்கூடாதே?"

"உது எங்கள் எல்லாரிலும் மூத்தது பிள்ளை. மரியாதையாக் கதை," என்றேன்.

கதிரையில் இருந்தவர்களுக்குச் சொர்க்கம். ஆனந்தராசாவின் கை மயிலிறகாகிவிட்டது. கொலோன் நகரிலிருந்து எங்கள் ஊர்ச் சோதிலிங்கம் ரயிலேறி வந்தான். பக்கத்து ஊன்ட்றொப் அம்மன் கோயிலின் தேர்க்கூட்டமே வந்தது என்று நான் சொல்வேன், யோகம் மறுப்பாள்.

ஆனால் மார்கழியில் இங்கே பின்னேரம் நாலு மணிக்கே இருண்டுவிடும். அந்த இருளோடு கடைக்குள் ஒரு கராம்பு வாசம் வரும். பிறகு, தோலில் கத்தி தீட்டும் சத்தம்.

சரக். சரக்.

ஆனந்தராசா அலகு மாற்றும் கத்திதான் பாவிக்கிறவன். அந்தக் கடையில் தீட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

அப்படியொரு பின்னேரம் புறொக்மான் வந்து கதிரையில் சாய்ந்தார். ஆனந்தராசா நுரை பூசப் பூச, கிழவர் கதை சொன்னார். பூட்டன் முதலில் அந்த அமெரிக்கக் கடைக்கு வெறும் வாடிக்கையாளன்தானாம். கடைக்காரன் ஒரு கறுப்பன். தெற்கே அடிமையாக இருந்து, ஆற்றைக் கடந்து தப்பி வந்தவன். தப்பியவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பச் சட்டம் போட்ட காலம். நாள்தோறும் அவனிடம் கழுத்தைக் கொடுத்து, அவன் கையால் கராம்புத் தைலம் பூசிக்கொண்ட பூட்டன், ஒரு காலை சவரம் முடிந்த கையோடு போய்க் காட்டிக்கொடுத்தான். அவனைச் சங்கிலியில் இழுத்துப் போனார்கள். கடையும் கதிரையும் பூட்டனுக்கு.

"கெட்டிக்காரன்!" என்று நுரைக்குள்ளால் சிரித்தார் கிழவர்.

கராம்பு வாசம் குப்பென்று எழுந்தது.

கத்தி அவருடைய குரல்வளையில் வந்து நின்றது.

"அண்ணை," ஆனந்தராசா முணுமுணுத்தான். "கை என்ரை சொல்லுக் கேக்குதில்லை."

"பகிடி விடாதை."

"சத்தியமா அண்ணை. எடுக்க ஏலாமக் கிடக்கு. பிடிச்சு இழுங்கோ!"

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். பனங்குற்றி அசைந்தாலும் அது அசையாது. அவன் விரல்களுக்கு மேல் வேறு விரல்கள் இருந்தன. குளிர்ந்தவை. கண்ணாடியில் நாங்கள் மூன்று பேர்தான். மூச்சு நாலு பேருடையது.

ஒரு துளி இரத்தம் எட்டிப் பார்த்தது. கிழவர் கண்ணை மூடிச் சுகித்திருந்தார்.

ஆனந்தராசாவின் கன்னத்தில் கண்ணீர். "கொலைகாரனாகப் போறன் அண்ணை. பிள்ளையளோட என்னை இலங்கைக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

பயத்தில் எனக்கு வந்தது தமிழ்தான். வெறுங்காற்றைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்பு, உன்ரை கோவம் நியாயம். ஆனா இவன்ரை கையால வேண்டாம். இவனும் உன்னைப் போலத் தப்பி ஓடிவந்தவன்."

அந்த நாலாவது மூச்சு நின்றது.

கத்தி நிலத்தில் விழுந்தது.

கிழவர் எழுந்து, கழுத்தைத் தடவி, அருமை என்று பாராட்டிவிட்டுப் போனார். கதவு மணி அவருக்காக ஒருமுறை அடித்தது. கதவு சாத்திய பிறகு இன்னொருமுறை அடித்தது.

விடியும்போது கிழவர் தன் குளியலறையில் செத்துக் கிடந்தார். செத்தவீடு முடிந்து கடைக்கு வந்த மகன்தான் விபரம் சொன்னார். முகம் முழுக்க நுரையாம். சவரச் சாமானெல்லாமோ வீடு மாறவென்று பெட்டியில் கட்டியபடி. கழுத்தைச் சுற்றி, இரும்பு வளையம் பூட்டியது போலொரு தடம். பாவம் என்று தலையாட்டினேன். மனதின் ஒரு மூலையில் எனக்குச் சந்தோசம்தான், மறைப்பானேன்?

மகன் கதிரையைத் திருப்பிக் கேட்டார்.

"குடுத்துவிடுங்கோவன்," யோகம் கிசுகிசுத்தாள்.

"கொண்டுபோங்கோ, இப்பவே கொண்டுபோங்கோ," ஆனந்தராசா தமிழிலும் ஜேர்மனிலும் கெஞ்சினான்.

மகன் தாடையைத் தடவிச் சிரித்தார். கொண்டுபோக முதல் ஒருமுறை இதில் இருந்து பார்க்கிறேனே, அப்பாவுக்குச் செய்தது போல எனக்கும் ஒரு சவரம் செய்துவிடுங்கள் என்று கோட்டைக் கழற்றினார்.

அது சுழலுகிற கதிரை இல்லை. நாலு மரக்கால், எட்டுப் பேர் பாரம். அவர் உள்ளே வரும்போது கண்ணாடியைப் பார்த்தபடி நின்றது.

இப்போது அவரைப் பார்த்தபடி நின்றது.