பள்ளத்துப் பக்கத்து முட்டுக்கட்டை

செல்வமேரி நாற்காலியில் உட்காரவில்லை. "எங்க வூட்டுக்காரரு சவுரிமுத்து முப்பது வருசம் நீராவி இஞ்சின் ஓட்னவரு சார். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வெக்கத் தெரியாம ஒரு ஆளைக் கொன்னுட்டாராம். லாக்கப்ல கீறாரு. நாளைக்குக் கோர்ட்டு."

மேற்குத் தாம்பரத்துத் துப்பறிவாளர் வேதசிரோமணி பேனாவை மூடுவதற்குள் உதவியாளர் பொன்னி செருப்பை மாட்டியிருந்தாள். எந்தச் செய்தியையும் முதல் ஆளாகச் சொல்லிவிட வேண்டும் அவளுக்கு. இல்லாவிட்டால் சோறு இறங்காது.

ஆண்டு 1988. பெருங்களத்தூருக்கு அப்பால், ரயில் வராத ஒரு பக்கத் தண்டவாளத்தில், சினிமாவுக்காகப் பழைய இஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். அதில் நெருப்புக் கிடையாது. டயரைக் கொளுத்தித்தான் புகை. முந்தாநாள் மதியம் சவுரிமுத்து சாப்பிடப் போயிருந்தபோது அது தானாக உருண்டு, முன்னால் நின்ற லைட்மேன் கோபுவைத் தண்டவாள முடிவுச் சுவரோடு நசுக்கிவிட்டது. முட்டுக்கட்டையோ சக்கரம் முதலில் நின்ற இடத்துக்குப் பின்பக்கம் கிடந்தது. கிழவன் கட்டையைப் பக்கம் மாற்றி வைத்துவிட்டான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

படப்பிடிப்பு இடத்தின் வாசலில் கோபுவின் மனைவி பாப்பா தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். "கொன்னவன் நாசமாப் போவணும்!" என்று அவள் கத்த, செல்வமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

இஞ்சினருகே டைரக்டரும், உதவி டைரக்டர் சிட்டிபாபுவும், தச்சர் துலுக்காணமும் காத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கட்டையை நீட்டினார்.

"புதுசா இருக்கே?" என்றார் வேதசிரோமணி.

"அன்னிக்குக் காலைல நான்தான் சீவிக் குடுத்தேன் சார்," என்றார் துலுக்காணம்.

வேதசிரோமணி கட்டையைத் திருப்பினார். சரிந்த முகத்தில் கட்டைவிரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம். "பொன்னி, கோலிக்குண்டு கொண்டுவந்தியா?"

பொன்னி அதைத் தண்டவாளத்தில் வைத்தாள். பார்வைக்குச் சமதளமாக இருந்த தண்டவாளத்தில் குண்டு மெல்லச் சுவரை நோக்கி ஓடியது.

"இஞ்சின் பாரம் அழுத்தினாத்தான் இப்படிப் பள்ளம் விழும். பின்பக்கம் வெச்சிருந்தா அழுத்தியிருக்காது. அப்போ சவுரிமுத்து முன்பக்கம், சரியான இடத்துலதான் வெச்சிருக்கார். அவர் போன பிறகு யாரோ தட்டி எடுத்திருக்காங்க. இதோ, ஓரத்துல சுத்தியல் அடி. விபத்துக்கப்புறம் அவசரமா திருப்பிப் போட்டவருக்குச் சரிவு எந்தப் பக்கம்னு தெரியலை. ரயில்காரருக்கு அது தெரியாம இருக்காது."

"சக்கரத்தை குளோசப் எடுக்கும்போது கட்டை அசிங்கமா இருக்குன்னு சொன்னேன்," என்றார் டைரக்டர் முணுமுணுப்பாக. "எடுக்கச் சொல்லலையே."

சிட்டிபாபு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் சார் எடுக்கச் சொன்னேன். பிரேக்கு புடிச்சுக்கும்னு நெனைச்சேன். தட்டி எடுத்தவன் கோபு. எடுத்துட்டு, லைட்டைத் தூக்கினு முன்னாடி போய் நின்னான்."

"பழியை ஏன் டிரைவர் மேல போட்டே?"

"பாப்பா என் தங்கச்சி சார். வேலை வாங்கித் தரேன்னு மச்சானை நான்தான் இட்டாந்தேன். அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

இன்ஸ்பெக்டர் அவன் தோளைப் பிடித்து எழுப்பினார். செல்வமேரி முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். அவள் புருஷன் இன்றே வீடு திரும்புவான்.

வாசலில் பாப்பா எழுந்து நின்றிருந்தாள். பொன்னி வாயைத் திறக்கவில்லை. பாப்பா அவளைத் தாண்டி ஓடிப்போய்ச் சிட்டிபாபுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, யாருன்னு தெரிஞ்சிடுச்சா?"