கெட் சேரின் இருபத்தைந்தாவது வாக்கியம்

பிற்பகல் 2.40.

நூற்றுக்கு நூறு என்றால் யாரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அந்த விடைத்தாளைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்த இராஜநாயகம் சேரின் முகம் செத்தவீட்டு முகமாக இருந்தது. வந்தவர் முதல் வேலையாக மாடிப்படி இரும்புக் கேற்றை இழுத்துப் பூட்டினார். திறப்பைக் காற்சட்டைப் பொக்கற்றில் போட்டார்.

"பேப்பர் வெளியில போயிட்டுது" என்றார்.

உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஹப்ஸா. வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியிலிருக்கும் அந்த ஆங்கில வகுப்பில் ஒன்பது வருடமாகத் தட்டச்சு செய்பவள். மற்றவள் ரொஷேல், கொட்டாஞ்சேனைப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. உதவி ஆசிரியை வேலைக்கான போட்டிப் பரீட்சை எழுத வந்தவள். எழுதிய மற்ற முப்பது பேரும் வீட்டுக்குப் போயாயிற்று. விடைத்தாள்களைத் திருத்தத் தொடங்கிய சேர், இவளை மட்டும் "கொஞ்சம் இரும்" என்று நிறுத்தி வைத்திருந்தார்.

பரீட்சை முழுக்க ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்தான்: ‘கெட்’. வாங்கு, ஆகு, ஏறு, இறங்கு, தப்பு, தேறு என்று அந்தப் பாழாய்ப்போன சொல்லுக்குத்தான் எத்தனை முகம்! இருபது வாக்கியங்களில் அது என்னென்ன பொருளில் வருகிறது என்று தமிழில் எழுத வேண்டும். இந்தப் பாடத்தில் தன்னை மிஞ்சக் கொழும்பிலேயே ஆளில்லை என்பது சேரின் பெருமை. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைக் ‘கெட் சேர்’ என்றுதான் சொல்வார்கள்.

"எல்லாம் சரியா எழுதினது பிழையா சேர்?" என்றாள் ரொஷேல்.

"‘கெட் பை’ எண்டதுக்கு நான் எழுதி வச்ச விடை, ‘ஒருமாதிரி ஒப்பேற்று’. நீர் எழுதினதும் ‘ஒருமாதிரி ஒப்பேற்று’. இருபதும் அப்பிடித்தான், சொல்லுக்குச் சொல்! முந்தாநாள் என்ர மண்டையில இருந்து உண்டாக்கின பேப்பர் இது. என்னைத் தவிரப் பார்த்த ஆள் ஒராள்தான்."

விரல் ஹப்ஸாவை நோக்கி நீண்டது.

"அல்லாஹ்வே! நான் யாருக்கும் காட்டல்ல சேர்."

"அப்ப பேப்பர் கால் முளைச்சுப் போனதோ?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சேர் எதையும் கையால் எழுதித் தருவதில்லை. வாட்ஸ்அப்பில் குரல்பதிவாகச் சொல்லுவார். ஹப்ஸா கேட்டுத் தட்டச்சு செய்வாள். பிழை விட்டால் அழித்துவிட்டுத் திரும்பச் சொல்லும் பொறுமை மனுஷனுக்குக் கிடையாது. "அதை வெட்டும்" என்றுவிட்டு மேலே போய்விடுவார். முந்தாநாள் வந்த பதிவை அவள் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டித்தான் கேட்டாள். இடையிடையே தாள் புரளும் சத்தம், மூன்று நான்கு தும்மல். இன்று காலை அவர் கண்முன்னே அச்சடித்தாள். அவர் தன் கையாலேயே அதை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

பிற்பகல் 3.05.

"இப்ப பொலிசுக்கு எடுக்கிறன்" என்று சேர் ஃபோனைத் தூக்கினார்.

ரொஷேல் அழத் தொடங்கிவிட்டாள். "எடுங்கோ சேர்! நான் களவெடுக்கேல்ல. எங்கட பப்பா சொல்லித் தந்தது அதெல்லாம். எல்லாரும் படிக்கிற ஏதோ புத்தகத்தில இருக்கிற வாக்கியங்கள் எண்டுதான் நினைச்சு எழுதினன்."

"ஆர் உம்மட பப்பா?"

"பிறெடி மாஸ்டர். துறைமுகத்தில கிளார்க். பின்னேரத்தில இங்கிலிஷ் படிப்பிச்சவர். எங்களை விட்டு மோசம் போய் ஆறு வருஷம்."

சேர் ஃபோனைக் கீழே வைத்தார். தன் அறைக்குப் போனார். கால் மணி நேரம் கழித்து வந்தபோது குரல் குழைந்திருந்தது.

"பொலிஸ் எல்லாம் வேண்டாம், பிள்ளையள். ‘ஹப்ஸாவிடமிருந்து பேப்பரை வாங்கினேன்’ எண்டு ஒரு கடிதம். ரெண்டு பேரும் சைன் பண்ணிப்போட்டுப் போங்கோ. பண்ணுமட்டும் கேற் திறபடாது."

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

அறை புழுங்கியது. சன்னல்கள் எல்லாவற்றுக்கும் இரும்புக் கம்பி. அப்பால் கடலோர ரயில் ஒன்று கல்கிசைப் பக்கம் ஓடியது. கையெழுத்துப் போட்டால் இருவருக்கும் கள்ளி என்ற பெயர்; அதற்குப் பிறகு வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் வகுப்பும் கிட்டவும் சேர்க்காது. போடாவிட்டால் இந்தக் கூட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும்.

"போட்டுட்டுப் போவமா அக்கா? மம்மி தேடுவா" என்றாள் ரொஷேல்.

"பொறுங்க தங்கச்சி."

ஹப்ஸாவின் மனதை ஒன்று அரித்தது. பொலிஸ் பொலிஸ் என்று குதித்த மனுஷன் ஒரு பெயரைக் கேட்டதும் ஏன் அடங்கினார்? வினாத்தாளை எடுத்து மறுபடி வாசித்தாள். எட்டாம் ஆங்கில வாக்கியத்தில் கண் நின்றது. தமிழில் சொன்னால்: செவ்வாய்க்கிழமை நொவீனாச் சனம் வெளியில் வருமுன் பாண் வாங்கு.

ஒன்பது வருடம் அவருக்குத் தட்டச்சு செய்தவள் அவள். சேரின் உதாரணங்களில் குமார் வருவான், கமலா வருவாள், மாம்பழம் வரும். கொட்டாஞ்சேனைப் பக்கம் கால் வைத்ததே இல்லை என்று பீற்றிக்கொள்ளும் மனுஷனின் மண்டைக்குள் அங்குள்ள அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை நொவீனாச் செபத்துக்குக் கூடும் சனம் எப்படி வந்தது?

"தங்கச்சி, உங்கட பப்பா இதெல்லாம் கொப்பியில எழுதி வச்சாரா? அது இப்ப எங்க?"

"செத்தவீட்டுக்குப் பிறகு வெள்ளவத்தை மாஸ்டர் ஒராள் வந்து, பப்பாட பேரில அச்சடிச்சுத் தாறன் எண்டு வாங்கிக்கொண்டு போனவராம். மம்மி குடுத்தவ. பிறகு ஆளைக் காணேல்ல."

"இருபதுக்குப் பிறகும் வாக்கியம் இருந்ததா?"

"எவ்வளவோ! பப்பா ஒவ்வொருநாளும் கண்ணாடிக்கு முன்னால சேவ் எடுக்கேக்க சொல்லுவார். வரிசை மாறாது."

"இருபத்தொண்டில இருந்து அஞ்சு வாக்கியம் எழுதுங்க."

பிற்பகல் 4.30. ஹப்ஸா சேரின் கதவைத் தட்டினாள்.

"சைன் பண்ணியாச்சோ?"

"அதுக்கு முந்தி ஒண்டு, சேர். அடுத்த கிழமை இரண்டாவது பேப்பருக்கு இண்டைக்குக் குரல்பதிவு அனுப்பினீங்கதானே? எத்தனை மணிக்கு?"

"பன்னிரண்டு பத்து. அதுக்கென்ன?"

"அந்த நேரம் நான் பரீட்சைக்குக் காவல் நிண்ட. இந்தப் பிள்ளை எழுதிக்கொண்டு இருந்த. இவட ஃபோன் காலையில இருந்து உங்கட மேசை லாச்சிக்குள்ள. பதிவை நான் இன்னும் திறக்கல்ல. பாருங்க, கேட்காத பதிவுக்கு வாற புள்ளி அப்பிடியே இருக்கு."

ரொஷேல் எழுதிய தாளை அவர் முன்னால் விரித்து வைத்தாள். பதிவைத் தட்டினாள்.

தாள் புரளும் சத்தம். ஒரு தும்மல். பிறகு சேரின் குரல் இருபத்தோராவது வாக்கியத்தைச் சொன்னது. தாளிலும் அதுவே இருந்தது. இருபத்திரண்டும் அதுவே. சேர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்திமூன்று, இருபத்திநான்கு, எதுவும் பிசகவில்லை.

"இருபத்தஞ்சு" என்றது குரல். "ரொஷேல் மஸ்ட் கெட் ஹோம் பிஃபோர் சிக்ஸ். ஆறு மணிக்கு முந்தி ரொஷேல் வீட்டை வந்து சேர வேணும். ச்சே, ரொஷேல் எண்டதை வெட்டும். கமலா எண்டு போடும்."

ரொஷேல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேப்பர் களவு போகவே இல்ல சேர்" என்றாள் ஹப்ஸா. "களவு போனது கொப்பி. எடுத்தது நீங்க. மண்டையில இருந்து சொல்ற ஆள் ஏன் தாள் புரட்டணும்? முதல்ல இந்தப் பிள்ளைய மெய்யாவே கள்ளி எண்டுதான் நினைச்சீங்க. பிறெடி மாஸ்டர்ட பேரைக் கேட்டதும் விளங்கிட்டு. பொலிஸ் வந்தா கொப்பிக் கதை வெளியில வரும், அதுதான் பொலிஸ் வேண்டாம், சைன் போதும் எண்டீங்க."

சேரின் கை ஃபோன் பக்கம் போனது.

"அழிச்சுப் பிரயோசனமில்ல. இந்தக் கதவைத் தட்ட முந்தியே என்ட தங்கச்சி நிம்றாவுக்கு அனுப்பிட்டன்."

"சும்மா கிடந்து கறையான் அரிக்கிற கொப்பிதானே..." என்று அவர் முனகினார்.

"மம்மி ஆறு வருஷமாக் காத்திருக்கிறா சேர்" என்றாள் ரொஷேல்.

கேற்றுக்கும் அலுமாரிக்கும் உரிய இரண்டு திறப்புகளையும் சேர் மேசையில் வைத்தார். இரும்பு அலுமாரியின் அடித்தட்டில், பழைய பாடக்குறிப்பு டியூட்களுக்குக் கீழே, பழுப்பு உறை போட்ட கொப்பி கிடந்தது. ஹப்ஸா அதைத் தூக்கியதும் தூசி கிளம்பியது. சேர் அடுத்தடுத்து இரண்டு முறை தும்மினார்.

மாலை 4.55. கேற் திறந்தது. ரொஷேல் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் வந்த ஹப்ஸாவின் கையில் ஒன்பது வருடச் சாமான்கள் ஒரு சொப்பிங் பைக்குள் அடங்கியிருந்தன.

"இனி வேலைக்கு என்ன செய்வீங்க அக்கா?"

"முதல்ல இந்தக் கொப்பிய டைப் அடிச்சு முடிக்கிற. உங்கட பப்பாட பேரில."

பஸ் தரிப்பில் ரொஷேல் கொப்பியைத் திறந்து இருபத்தைந்தாவது வாக்கியத்தைத் தேடினாள். தன் பெயரின் மேல் பென்சில் கோடு விழுந்திருந்தது. விரலால் அதைத் தேய்த்துப் பார்த்தாள்.

"அக்கா, இதில மட்டும் கமலா எண்டு போட்டுடாதேங்கோ."

கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.