கதவோரக் கால்தடம்

திங்கட்கிழமை காலை ஏழு இருபது. இன்னும் விடியவில்லை. நன்னடத்தை அலுவலகத்தின் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். அந்தக் குளிரிலும் கையுறை போடவில்லை.

தலைமை அலுவலர் லோர்னா ஹெக்லண்ட் பூட்டைத் திறந்து அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்தார்.

“நான் ஜோலீன். வேடோட அக்கா. கர்ட்டோட பொண்டாட்டி.”

இரண்டு பெயர்களும் லோர்னாவின் மேசைமேல் ஏற்கெனவே இருந்தன.

வேட் பெல்டோ பிணையில் வந்து வழக்கு விசாரணைக்குக் காத்திருந்தவன். கணுக்காலில் கண்காணிப்புப் பட்டையோடு, ஏரிக்கரையிலுள்ள ஒரு வாடகை வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது, குடிக்கக்கூடாது என்ற உத்தரவில் இருந்தான். சனிக்கிழமை மாலை பின்கதவு வழியாக இறங்கி, உறைந்த ஏரியின்மேல் நடந்துபோய்ப் படுத்துவிட்டான். பட்டை எச்சரிக்கை அனுப்பியது. ஷெரிஃபின் ஆட்கள் ஏரி வழியாகப் பனிவண்டியில் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. வீட்டுக்குள் ஒரு விஸ்கி பாட்டில் கிடந்தது.

கர்ட் சிறையிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகிறது. இதே அலுவலகத்தின் கண்காணிப்பில் இருக்கிறான். மைத்துனனைச் சந்திக்கக் கூடாது என்பது அவனுக்கு நீதிமன்றம் போட்ட நிபந்தனை. சனிக்கிழமை பிற்பகல் வேடின் வாசலில் ஒரு சாம்பல் நிற டிரக் நின்றதை எதிர்வீட்டுக் கிழவர் பார்த்திருந்தார். கர்ட்டிடம் இருப்பது சாம்பல் நிற டிரக்.

“விஸ்கி வாங்கிக் கொடுத்து அவனைச் சாக விட்டது கர்ட்தான்னு பேசிக்கிறாங்க. மத்தியானம் நீங்க மனுவில கையெழுத்துப் போட்டா மறுபடி மூணு வருஷம் உள்ள.”

“சனிக்கிழமை அவர் எங்க இருந்தார்?”

“ஏரியோட அந்தக் கோடியில, ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிச்சிட்டு இருந்தார். தனியா. மீனு வந்து சாட்சி சொல்லுமான்னு ஷெரிஃப் கேக்கறார்.”

“அவர் வேட் வீட்டுக்குப் போகலைன்னு நீங்க எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?”

“தம்பி பொறந்தநாளுக்கே அவர் வரலையே மேடம். வெள்ளிக்கிழமை மத்தியானம் கேக்கை எடுத்துக்கிட்டு நான் மட்டும்தான் போனேன். இவர் தெருமுனைகூடத் தாண்டல. உங்க ஆபீஸ்னா அவ்வளவு பயம்.” அவள் தன் கைகளைப் பார்த்தாள். “ஒருத்தனைப் புதைக்கப் போறேன். இன்னொருத்தனையும் எடுத்துக்காதீங்க.”

துணைத் தலைவர் ரஸ் டால்கி உள்ளே வந்தார். பெரிய உடம்பு. புதுக் கோட்டு, புது டை. அந்த மாதத்தோடு லோர்னாவுக்கு ஐம்பத்தேழு வயது. அந்த வயதில் இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அன்று மாலை நீதிபதிகள் கூடி அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். லோர்னா எழுதிக்கொடுத்திருந்தது ஒரே பெயர். ரஸ்.

“தடையை மீறி கர்ட் வேடைச் சந்திச்சான்னு மனு ரெடி, லோர்னா. ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து எழுதினேன். கையெழுத்துதான் பாக்கி.”

“வீட்டைப் பாத்துட்டுப் போடறேன்.”

“ஷெரிஃப் பாத்தாச்சே.”

“நான் பாக்கலையே.”

ரஸ் சிரித்தார். “உங்க இஷ்டம். முன்பக்கமா ஏறினா ரெண்டாவது படியைப் பாத்து ஏறுங்க, ஆடும். ஓய்வு பெறப் போற நேரத்துல இடுப்பை உடைச்சுக்காதீங்க.”

காரை இளம் அலுவலர் லிபான் வர்சாமே ஓட்டினான். வேலைக்கு வந்து இரண்டு வருடம். வழியெல்லாம் பேசினான்.

“கர்ட் செஞ்சிருக்க மாட்டான்னு நினைக்கறீங்களா சீஃப்?”

“நான் எதுவும் நினைக்கல. ரோட்டைப் பாரு.”

முதலில் எதிர்வீட்டுக்குப் போனார்கள். டோய்வோ என்ற அந்தக் கிழவர் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு கோப்பைக் காபியை ஊற்றிவிட்டார். லோர்னா மறுக்காமல் வாங்கிக் குடித்தார்.

“முகத்தைப் பாத்தீங்களா?”

“முதுகுதாம்மா தெரிஞ்சுது. நல்ல பெரிய உடம்பு. ஆனா ஆள் ஒழுங்கில்ல. நேரா கதவு முன்னாடி நின்னு தட்ட வேண்டியதுதானே? சுவரோட ஒட்டி நின்னுக்கிட்டு கையை மட்டும் நீட்டித் தட்டறான். திருட்டுப்பய மாதிரி.”

“டிரக்?”

“பின்பக்கமா வந்து நிறுத்தினான். மூக்கு ரோட்டைப் பாத்து. ஓடறவன்தான் அப்படி நிறுத்துவான்.”

“கர்ட்டை உங்களுக்குத் தெரியுமா?”

“முன்ன தெரியும். என் காபியை மூணு கோப்பை குடிப்பான், கேக்காம நாலாவது ஊத்திக்குவான்.” கிழவர் லிபானைப் பார்த்தார். “நீ என்ன தம்பி, மோந்து மோந்து பாக்கற? விஷம் வெக்கல, குடி.”

வெளியே வந்ததும் லிபான் மெல்லச் சொன்னான். “ஒளிஞ்சு நின்னிருக்கான், ஓடத் தயாரா வண்டியை நிறுத்தியிருக்கான். கர்ட்டுக்கு எதிராத்தான் போகுது சீஃப்.”

லோர்னா வேடின் வாசலை நோக்கி நடந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை பனி பெய்திருந்தது. அதற்குப் பிறகு பெய்யவில்லை. கடுங்குளிரில் பழைய பனி கல்லாக இறுகிக் கிடந்தது. வேடின் வாசலுக்கு ஒரே ஒருவரின் தடம் போய்த் திரும்பியிருந்தது. பெரிய பூட்ஸ். ஷெரிஃபின் ஆட்கள் ஏரிப் பக்கமாக வந்துபோனதால் முன்பக்கத்தை யாரும் மிதிக்கவில்லை. லோர்னா தடங்களைப் படமெடுத்துக்கொண்டார்.

“லிபான், தடத்தை மிதிக்காம ஏறிப் போய்க் கதவைத் தட்டு.”

“உள்ள யாருமில்லையே.”

“தட்டு.”

படிகள் பனிக்கடியில் புதைந்திருந்தன. இரண்டாவதில் கால் வைத்ததும் அது ஆடியது. லிபான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறி, கையை நீட்டிக் கதவைத் தட்டினான்.

“அப்படியே நில்லு. இப்போ உன் காலைப் பாரு.”

லிபான் குனிந்து பார்த்தான். அவன் கதவுக்கு நேராக நிற்கவில்லை. பூட்டுப் பக்கம், சுவரை ஒட்டி நின்றிருந்தான். அவன் பூட்ஸுக்குப் பக்கத்தில், ஒரு விரற்கடை தள்ளி, அதே திசையில் அந்தப் பெரிய பூட்ஸின் தடம் இருந்தது. கதவுக்கு நேரெதிரே பனி கலையாமல் இருந்தது.

“ஏன் அங்க போய் நின்ன?”

“பயிற்சியில சொல்லிக்கொடுத்ததுதானே சீஃப். கதவு வழியா சுட்டா...” அவன் பாதியில் நிறுத்தினான்.

“நம்ம காரை எப்படி நிறுத்தியிருக்க?”

லிபான் திரும்பிப் பார்க்கவில்லை. கார் சாலையைப் பார்த்து நின்றிருந்தது.

உள்ளே கணப்பு அடுப்பு அணைந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. மூச்சு புகையாக வந்தது. மெத்தை வைத்த சோபா ஒன்று. அதன் காலடியில் விஸ்கி பாட்டில். அடுப்படி மேசையில் கேக் வந்த அட்டைப்பெட்டி. மேசையோடு சேர்ந்த மர நாற்காலிகளில் ஒன்று மட்டும் இடம் மாறியிருந்தது. கூடத்துச் சுவரில் முதுகு ஒட்டும்படி, வாசலைப் பார்த்துக் கிடந்தது. சோபா பக்கம் ஒரு கோப்பை காலி. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் இன்னொரு கோப்பை. அதில் காபி விளிம்புவரை நிரம்பி, உறைந்து, மேலே புடைத்திருந்தது.

“சொல்லு,” என்றார் லோர்னா.

லிபான் நாற்காலியைச் சுற்றி வந்தான். “சோபா காலியா இருக்கறப்போ மர நாற்காலியைத் தேடி எடுத்துப் போட்டிருக்கான். மூட்டைப்பூச்சிக்கு பயந்து நாம செய்யற மாதிரி. முதுகு சுவர்ல. கண்ணு வாசல்ல.”

“காபி?”

“ஒரு வாய்கூட வைக்கல. கண்காணிப்புல இருக்கறவன் வீட்டுல நாம எதையும் தொட மாட்டோம்.” கொஞ்சம் யோசித்தான். “எங்க வீட்டுல இப்படி வேணாம்னு வெச்சா அம்மா செருப்பைத் தேடுவாங்க.”

“இந்த ஊர்லயும் அப்படித்தான். கர்ட்டா இருந்தா நாலு கோப்பை காலியாகியிருக்கும்.”

“ஷெரிஃப் ஆளா இருக்கலாமே? அவங்களும் கதவோரமாத்தான் நிப்பாங்க.”

“நிப்பாங்க. ஆனா இந்த ஊர் ஷெரிஃப் ஆளு காபியைக் குடிச்சு முடிச்சுட்டுத்தான் விலங்கையே எடுப்பான்.”

லிபான் சிரிக்கவில்லை. “அப்போ நம்ம ஆபீஸ்.”

“நம்ம ஆபீஸ்.”

“நான் இல்ல சீஃப். சனிக்கிழமை மச்சான் கல்யாணத்துல இருந்தேன்.”

“தெரியும். நூறு போட்டோ அனுப்பினியே.”

“விஸ்கி? வந்தவன் தடம் ஒண்ணுதான். அவன் ஆபீசர்னா பாட்டில் எப்படி வந்துச்சு?”

“பனி பெய்யறதுக்கு முன்னாடி வந்திருக்கு.” லோர்னா அட்டைப்பெட்டியைப் பார்த்தார். “யார் கொண்டுவந்தாங்கன்னு நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்துல கேக்கல. வா.”

பன்னிரண்டு மணிக்கு முன் அந்த அலுவலகத்தின் அலுவலர்கள் நான்கு பேரும் லோர்னாவின் அறையில் இருந்தார்கள். லோர்னா, லிபான், ரஸ், வேடுக்குப் பொறுப்பாக இருந்த அலுவலர் மார்லிஸ். மார்லிஸ் குழந்தையளவு உயரம். இரண்டு நாளாக அவள் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மனு மேசையின் நடுவில் கிடந்தது.

லோர்னா தடத்தைப் பற்றிச் சொன்னார். நாற்காலியைப் பற்றியும் காபியைப் பற்றியும் சொன்னார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

“சனிக்கிழமை போனது நம்ம ஆளு. மார்லிஸோட கால் அந்தத் தடத்துல பாதிகூட இருக்காது. லிபான் ஊர்லயே இல்ல. நான் போகல.”

“சும்மா ஒரு தடத்தை வெச்சுக்கிட்டு,” என்றார் ரஸ். “நான் அந்த வீட்டுப் பக்கமே போனதில்ல.”

“ரெண்டாவது படி ஆடும்னு உனக்கு யார் சொன்னாங்க ரஸ்?”

ரஸ் டையைத் தொட்டுப் பார்த்தார். “மார்லிஸ் சொல்லியிருப்பா.”

மார்லிஸ் நிமிர்ந்தாள். “நான் எப்பவும் பின்கதவு வழியாத்தான் போவேன். முன்பக்கம் படி இருக்கறதே எனக்கு இப்பதான் தெரியும்.”

“ஷெரிஃப் ரிப்போர்ட்டுல இருந்திருக்கும்.”

“அவங்க ஆளும் அந்தப் படியை மிதிக்கல,” என்றார் லோர்னா. “ரோட்டுலேருந்து பாத்தாலும் தெரியாது. பனி மூடிக் கிடக்கு. ஏறினவனுக்குத்தான் தெரியும்.”

வெளியே யாரோ நடைபாதைப் பனியை வாரிக்கொண்டிருந்தார்கள்.

“அவனைப் பிணையில விடலாம்னு கோர்ட்டுல நின்னு சொன்னது நான்,” என்றார் ரஸ். “என் பேச்சை நம்பித்தான் விட்டாங்க. சனிக்கிழமை எனக்குப் போன் பண்ணினான். நாக்கு குழறிச்சு. சும்மா ஒரு மிரட்டு மிரட்டிட்டு வரலாம்னு போனேன். என் சொந்த டிரக்குல. அதுவும் சாம்பல் நிறம்தான்.”

“என்ன நிலைமையில இருந்தான்?”

“அழுதான். அந்த நிலைமையிலயும் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தான். இனிமே முடியலைன்னான்.”

“என்ன முடியல?”

“இருக்கறது.”

மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்,” என்றார் ரஸ். “இல்ல, குடிச்சிருக்கான்னு ரிப்போர்ட் எழுதி உள்ள போட்டிருக்கணும். எதைச் செஞ்சாலும் இன்னைக்குக் காலைல நீதிபதிகள் மேசைக்கு வந்திருக்கும். நான் விடச் சொன்னவன் ரெண்டே வாரத்துல கவுந்துட்டான்னு.”

“அவன்கிட்ட என்ன சொன்ன?”

ரஸ் டையைத் தளர்த்தினார்.

“திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோன்னு சொன்னேன்.”

லிபான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அதோட விட்டிருந்தா கோழைத்தனம்,” என்றார் லோர்னா. “அடுத்த நாள் உக்காந்து இதை எழுதினியே. நீ போனதை கர்ட் தலையில வெச்சு. மூணு வருஷம்.”

“கிழவர் டிரக்கைப் பத்திச் சொன்னதும் ஷெரிஃபே கர்ட் பேரைச் சொன்னார். நான் இல்லைன்னு சொல்லல. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்.” லோர்னா மனுவை நான்காகக் கிழித்தார். “கர்ட்டோட வக்கீலுக்கும் நீதிபதிகளுக்கும் நான் இப்பவே சொல்லணும். உன் பேரோட சேத்து என் பேரையும். உன்னைத் தலைவராக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தது நான்தான். துப்பாக்கியையும் அடையாள அட்டையையும் மேசையில வெச்சுட்டுப் போ, ரஸ்.”

ரஸ் வைத்தார். போகும்போது நாற்காலியை ஒழுங்காக மேசையோடு சேர்த்துத் தள்ளிவிட்டுப் போனார்.

ஜோலீன் காத்திருப்போர் அறையில் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மேல்கோட்டைக் கழற்றவில்லை. லோர்னா அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வந்தது யார், ஏன் வந்தார், வேடிடம் என்ன சொன்னார் என்பது வரை. கர்ட்டை இனி யாரும் தொட மாட்டார்கள் என்றார்.

ஜோலீன் தலையாட்டினாள். அழவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

“அந்த பாட்டிலைப் பத்தி நீங்க ஒண்ணுமே கேக்கலையே.”

“எனக்குத் தேவைப்படல.”

“முப்பது வயசு மேடம் அவனுக்கு. ஒரே ஒரு தடவை அக்கா, பொறந்தநாளுக்குன்னு கெஞ்சினான். கேக் பெட்டிக்கு அடியில வெச்சு எடுத்துட்டுப் போனேன். கர்ட்டுக்குத் தெரியாது.” அவள் கோட்டின் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள். “உங்க ஆபீசர் போனாரு, பாத்தாரு, விட்டுட்டு வந்துட்டாரு. அதானே நடந்துச்சு?”

லோர்னா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் அதைக் கொண்டுபோய்க் கொடுக்காட்டியும் அவன் போயிருப்பான், இல்லையா மேடம்?”