கையை எடுத்தால் வலிக்கும்

மழையோடு மழையாக உள்ளே நுழைந்தாள் ஒருத்தி. யாரென்று வுகாஷினுக்குத் தெரியவில்லை. ஆண்டுதோறும் வீட்டில் வைக்கும் புனித நிகோலா விருந்துக்கு வால்யேவோ ஊரில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. வந்தவரை யாரென்று கேட்பதுமில்லை. வருபவர்களுக்கு முதலில் தரும் வேகவைத்த கோதுமையை நீட்டினான். ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். நனைந்த இமைகள்... சாம்பல் நிறக் கண்கள்...

அவன் வயிற்றில் சுருக்கென்றது. காலையில் தொப்புளைச் சுற்றி இருந்த வலி, இப்போது வலப்பக்கம் கீழே இறங்கிக் குத்தியது. இவளைப் பார்த்ததாலா? என்ன கண்றாவியோ!

அப்பா போனபின் அவன் நடத்தும் முதல் விருந்து. கடைசி ஆள் கிளம்பும்வரை வீட்டுத்தலைவன் உட்காரக் கூடாது. அப்பா ஒரு வருஷமும் உட்கார்ந்ததில்லை.

"நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே?" என்றாள் அவள்.

"பசிக்கல."

"வாந்தி?"

"விருந்துக்கு வந்தா மீன் எப்படின்னு கேளுங்க... வாந்தியப் பத்தியா கேப்பாங்க?"

"வந்துச்சா, இல்லையா?"

"ஒரு தடவ..."

நெற்றியைத் தொட்டாள், லேசாகச் சுட்டது. வலப்பக்க அடிவயிற்றில் விரல்களை அழுத்தினாள். வலித்தது. சட்டென்று கையை எடுத்தாள். அதைவிட வலித்தது! கையை எடுத்ததற்கா இவ்வளவு வலி? குழம்பிப்போனான்.

அம்மா சாராயத்தில் நனைத்த சூடான துணியோடு ஓடிவந்தாள். "குளிர் பிடிச்சிருக்குடா. இதப் போட்டா சரியாயிடும்."

"வேணாம்மா. சூடு வைக்காதீங்க, குடிக்கவும் எதுவும் குடுக்காதீங்க. நான் ஆபரேஷன் வார்டு நர்ஸ், நெவெங்கா. குடல்வால் வீங்கியிருக்கும் போல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"கத்தி வைக்க ஆள் பிடிக்க வந்தீங்களா?" வுகாஷின் மேசையைப் பிடித்துக்கொண்டான். "விருந்து முடியாம உட்கார மாட்டேன்."

"உட்கார வேணாம். படுத்துக்கிட்டே வாங்க. படுக்கக் கூடாதுன்னும் வழக்கம் இருக்கா?"

"அவன் வீம்பு அவங்கப்பன் வீம்பு," என்றாள் அம்மா, துணியைக் கீழே போட்டு. "வெடிச்சுச் செத்தா யாருடா விருந்து வைப்பா? நான் நிக்கறேன். நீ போ!"

போனான்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நெவெங்கா அவன் நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குப் பக்கத்து வீட்டுக்கு வர வேண்டியவ நான்... மழையில வீடு மாறிட்டேன்."

"அடுத்த வருஷம் எங்க வீட்டுக்கே வாங்க."

"இந்த விருந்துக்குத்தான் யாரையும் கூப்பிடக் கூடாதே!"

"விருந்தாளியத்தான் கூப்பிடக் கூடாது."

"பின்ன... என்னை எதுக்காம்?"

"என் பக்கத்துல நிக்க."

எண்ணிக்கை தப்பியது அவளுக்கு. ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்... மறுபடி தப்பியது... கையை மட்டும் எடுக்கவேயில்லை.