எறும்பு ஏறிய பாக்கெட்

லாரி டிரைவரின் மனைவி வந்ததும் வராததுமாகக் கைப்பையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்துத் துப்பறியும் மேடத்தின் மேசையில் வைத்தாள். ஒன்று 'செடி உரம்' என்று அச்சிட்டு, உள்ளே போதைத் தூள் அடைத்திருந்த காலி பாக்கெட். தடைக்கு முன் கடையில் பில் போட்டே விற்றது. அதன் அடி ஓரம் லேசாகக் கருகியிருந்தது. மற்றது பாதி தீர்ந்த வெறும் பாலிதீன் பொட்டலம்.

"வீட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் கொதிக்குது மேடம். ஆஸ்பத்திரில கையக் காலக் கட்டிப் போட்டிருக்காங்க. யாரோ விஷம் வச்சுட்டாங்க. என்ன விஷம்னு தெரியாம டாக்டர் தவிக்கிறார்."

அவள் பேசி முடிக்கும் முன்பே மேடத்தின் உதவியாளன் நோட்டைத் திறந்துவிட்டான். எதிலும் முந்திக்கொள்வதால் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"இதை எதுக்குச் சாப்பிட்டார்?" என்றார் மேடம் நிதானமாக.

"தூங்காம ஓட்டத்தான். ஒரு சிட்டிகைக்கு ரெண்டு நாள் கண்ணு மூடாது. பின்னாலயே யாரோ வர்றாங்கன்னு கண்ணாடியவே பாப்பார். மக கூப்பிட்டாக்கூடத் திடுக்கிடுவார். எனக்கே பயமாயிருக்கும். தடை வந்தப்புறம் பதுக்கின பாக்கெட்டுதான். அதுவும் நேத்து தீர்ந்துச்சு. போன்ல யாரையோ பிடிச்சு இந்தப் பாலிதீனை வாங்கினார்."

"இந்தப் புதுசை வேற யாராவது போட்டாங்களா?"

"கூட ஓட்டுறவர் ஒரு சிட்டிகை போட்டார். அவர் நல்லாத்தான் இருக்கார்."

"அப்ப அவர்தான்!" அவசரம் துள்ளினான்.

"பொறு. உங்க வீட்டுக்காரர் எவ்வளவு போட்டார்?"

"நாலு. பழசுல வேகமே இல்லைன்னு ஏத்திக்கிட்டே வந்தாரு."

மேடம் மேசையைக் காட்டினார். எறும்புகள் சாரைசாரையாகப் பழைய பாக்கெட்டில் ஏறிக்கொண்டிருந்தன. பாலிதீன் பக்கம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"எறும்பு தேடி வந்திருக்கிறது குளுக்கோஸை. அடியில பிரிச்சு, தூளைக் கொஞ்சம் எடுத்துட்டு குளுக்கோஸைக் கலந்து, மெழுகுவத்தியில காட்டி ஒட்டியிருக்கு. பதுக்கின இடம் தெரிஞ்சவங்க யாரு?"

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் கொஞ்சமா விட்டுருவார்னு நெனச்சேன் மேடம். நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

"நல்லதுக்குத்தான். ஆனா அதே நாலு சிட்டிகையை நேத்து நிஜத் தூள்ல போட்டுட்டார். அதுவும் முகம் தெரியாதவன் கொடுத்த தூள்ல."

மேடம் ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தி, போனை அவளிடம் நீட்டினார். "டாக்டர் விஷத்தைத் தேடிட்டிருக்கார். அளவைச் சொல்லுங்க. நேரமில்லை."

அவள் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், விஷம் இல்லீங்க. தூக்கம் வராம இருக்கப் போடுற தூளை நாலு மடங்கு போட்டிருக்கார். அதுக்கு அவரைப் பழக்கினது நான்தான்."